மைக்கில் சொல்லாமல் விட்டது

“உச்சந்தலையில நல்லா சூடு பறக்கத் தேய்ங்க அண்ணாச்சி. இன்னைக்கு மூணாவது நாளு” என்று வேல்ராஜ் சொல்ல, முத்துகுமரன் உள்ளங்கை நிறைய எண்ணெயை ஏந்திச் சங்கரபாண்டியின் தலையில் வைத்துத் தட்டினார். குற்றாலம் மெயினருவிக்குப் போகிற வழியில் பலகை போட்டு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் அவர். சங்கரபாண்டி இடுப்பில் ஒரு சிவப்புத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். கழற்றிய நீலச் சட்டையும் வேட்டியும் மகன் வேல்ராஜின் பைக்குள் இருந்தன.

சங்கரபாண்டிக்கு அறுபத்தெட்டு வயது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மேலகரத்தில் எந்தக் கம்பத்திலிருந்து எந்த வீட்டுக்கு வயர் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொன்ன மனுஷன், இப்போது சொந்த வீட்டில் குளியலறை எங்கே என்று கேட்கிறார். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் இன்னும் சோறு போடவில்லையா என்கிறார். போன பங்குனியில் நாலு தெரு தள்ளி நின்று, வீட்டுக்கு வழி தெரியாமல் அழுதிருக்கிறார்.

தென்காசியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டுத் தெளிவாகத்தான் சொன்னார். இது வயதானால் வருகிற சாதாரண மறதி இல்லை, மறதி நோய். பைத்தியமும் இல்லை, யார் விட்ட சாபமும் இல்லை. பல வருஷம் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதற்கு வழி விட்டிருக்கலாம். இனியாவது இரண்டையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். தினமும் நடக்கவிட வேண்டும், நாலு பேரோடு பேசவிட வேண்டும். முழுதாகக் குணமாகாது, ஆனால் பக்குவமாகப் பார்த்துக்கொண்டால் மனுஷன் நிம்மதியாக இருப்பார் என்றார். கடைசியாக, அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள் என்றார். வேல்ராஜுக்கு அது மட்டும் பிடிக்கவில்லை.

காரணம், தங்கச்சி மஞ்சு. அம்பாசமுத்திரத்திலிருந்து நல்ல வரன் ஒன்று வந்திருந்தது. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். அதற்குள் பேசி முடித்தாக வேண்டும். அப்பனுக்கு மூளையில் கோளாறு என்று தெரிந்தால் பெண்ணையும் அந்தக் கண்ணால்தானே பார்ப்பார்கள் என்று அவன் பயந்தான். கேட்டவர்களுக்கெல்லாம் லேசான தலைச்சுற்று என்று சொல்லிவைத்தான். சங்கிலிப்பாண்டி மாமா வேறு, இது தலையில் ஏறின சூடு, மூன்று நாள் எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்தினால் இறங்கிவிடும் என்று அடித்துச் சொல்லிவிட்டார். குற்றாலத்துத் தண்ணீரை ஊரே நம்புகிறது, நம்பட்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை பீரோவில் பூட்டிவிட்டு நம்புவதைத்தான் என்னவென்று சொல்வது?

மாப்பிள்ளை வீட்டார் அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பதினொன்றரைக்கு வேல்ராஜின் போன் அடித்தது. அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் ஒரு சிப்ஸ் கடை ஓரமாக ஒதுங்கினான். பேசியது மாப்பிள்ளையின் அம்மா இசக்கிசெல்வி. சீசன் நேரத்தில் இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் குளிக்காமல் போக முடியுமா, நாங்களும் மெயினருவியில்தான் இருக்கிறோம் என்றார். அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். ஜம்மென்று இருக்கிறார் என்றான் வேல்ராஜ்.

பேசிவிட்டுத் திரும்புவதற்குள் விசில் சத்தம் கிளம்பிவிட்டது. மேலே மலையில் மழை கொட்டியிருக்கிறது. தண்ணீர் செம்மண் நிறத்தில் அருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டி வந்து விழ, போலீஸார் எல்லோரையும் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் ஈரத் துணியோடு இடித்துக்கொண்டு ஓடினார்கள். முத்துகுமரனின் பலகையில் வேறொருவர் படுத்திருந்தார்.

“அப்பா எங்க அண்ணாச்சி?”

“தேச்சு முடிச்சு, குளிச்சுட்டு வாங்கன்னு அப்பமே அனுப்பிட்டேனே. தலையாட்டிட்டு நல்லாத்தானே போனாவ. ஏன், அவியளுக்கு ஏதும் செய்யுதா?”

“ஒண்ணுமில்ல” என்றான் வேல்ராஜ். அப்போதுகூட அவனுக்கு வாய் வரவில்லை.

போலீஸ் பூத்துக்கு ஓடினான். மைக்கைப் பிடித்திருந்த பெண் காவலர் ஸ்ரீதேவியிடம் பெயர், ஊர், வயது எல்லாம் சொல்லி, நீலச் சட்டை என்றான். அவர் அவன் கைப்பையைப் பார்த்தார். சட்டையின் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதுதானா என்று கேட்டதும், இடுப்பில் சிவப்புத் துண்டு என்று திருத்திச் சொன்னான்.

“உடம்புக்கு முடியாதவரா? மனநிலை, ஞாபகம் எல்லாம் எப்படி?”

வேல்ராஜ் நிமிர்ந்து பார்த்தான். கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. இங்கே சொன்னால் கோயில் வாசல் வரைக்கும் கேட்கும். இசக்கிசெல்விக்கும் கேட்கும்.

“நல்லாத்தான் இருக்காவ மேடம்” என்றான்.

மேலகரம் சங்கரபாண்டி எங்கிருந்தாலும் உடனே போலீஸ் பூத்துக்கு வரவும் என்று ஸ்ரீதேவி மூன்று தடவை அறிவித்தார். பெரிய மனுஷன்தானே, வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டு, காணாமல்போன வேறு இரண்டு குழந்தைகளைத் தேடப் போய்விட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. வேல்ராஜ் கடைகளில் தேடினான், கோயிலில் தேடினான். பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தபோது கீழே ஆற்றுப் பாறையில் சிவப்பாக ஒரு துணி சிக்கித் துடித்தது. அவன் கைப்பிடியைத் தாண்டி இறங்கப் பார்த்தான். பக்கத்தில் நின்றவர் அது யாரோ விட்ட தாவணி என்று சொன்ன பிறகுதான் நின்றான்.

அவன் போனில் அழுததைக் கேட்டு மஞ்சு ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று வைத்த பூ தலையில் அப்படியே இருந்தது. பூத்துக்குத் திரும்பியிருந்த ஸ்ரீதேவி மறுபடி செய்த அறிவிப்பை முழுதாகக் கேட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

“அப்பாவுக்கு என்ன நோயின்னு சொன்னியா?”

“அவங்க எல்லாம் இங்கனதான் நிக்காங்க மஞ்சு. கேட்டா உன் கல்யாணம்...”

“தன் பேரே ஞாபகம் இல்லாத மனுஷன, பேரச் சொல்லிக் கூப்பிடுதீங்க. எப்படிண்ணே வருவாவ?” என்றாள். குரல் உயரவில்லை. “அப்பாவப் பொணமாக்கிட்டு எனக்குக் கல்யாணம் வேண்டாம்.”

வேல்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூத்துக்குள் போனான். தானே பேசுவதாகக் கேட்டு மைக்கை வாங்கினான்.

“சங்கரபாண்டி எங்க அப்பா. அவங்களுக்கு மறதி நோய். பேரு தெரியாது, கூப்பிட்டா வர மாட்டாங்க. இடுப்புல செவப்புத் துண்டு, தலை நெறய எண்ணெய். எங்கயாவது முழிச்சுக்கிட்டு நின்னா, அவங்க குடிகாரரு இல்ல, கெட்டவரும் இல்ல. வழி தெரியாம நிக்காங்க. தயவுசெஞ்சு கையப் பிடிச்சுக் கூட்டியாங்க.”

பத்து நிமிஷத்தில் கூட்டம் விலகியது. முத்துகுமரன் ஒரு பக்கமும் ஈரச் சேலையோடு இசக்கிசெல்வி ஒரு பக்கமுமாகச் சங்கரபாண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. தோளில் யாருடைய துண்டோ போர்த்தியிருந்தது. எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

விசில் ஊதியதும் கூட்டத்தோடு கூட்டமாகப் போனவர், வெகுநேரம் அங்கும் இங்கும் அலைந்துவிட்டுப் பெண்கள் துணி மாற்றும் இடத்துக்குள் நுழைந்துவிட்டார். போகச் சொன்னால் போகத் தெரியவில்லை, சிரித்தபடி நின்றிருக்கிறார். நாலு ஆண்கள் வெளியே இழுத்துப்போட்டு அடித்தார்கள். அடுத்த அடிக்குக் கை ஓங்கியபோதுதான் வேல்ராஜின் குரல் கேட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

“நான்தான் மொதல்ல கத்துனேன் தம்பி” என்றார் இசக்கிசெல்வி. “அந்த எடத்துல ஒரு ஆம்பள வந்து நின்னா என்னத்தன்னு நெனைப்பேன்? நான் கத்தப்போயிதான் அடிச்சாங்க. கொஞ்சம் முன்னாலதான போன்ல விசாரிச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கத்தாம கையப் பிடிச்சுக் கூட்டியாந்திருப்பேனே.”

நாலு மணிக்கு வருவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. வேல்ராஜும் கேட்கவில்லை. மஞ்சு முந்தானையால் அப்பாவின் உதட்டை ஒற்றினாள். ஸ்ரீதேவி பதிவேட்டைத் திறந்து, காணாமல்போன காரணம் என்னவென்று எழுத என்று கேட்டார்.

சுற்றிலும் ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். வேல்ராஜ் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான்.

“மறதி நோயின்னு எழுதுங்க மேடம். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. எங்கப்பாவ அடிச்சது அந்த நாலு பேரு இல்ல, நோய மறைச்சு வச்ச நான்தான்.”