கால் ஆம்பியர்

"அப்ப பேட்டரியத் தின்னுறது டிக்கி லைட்டும் இல்ல."

"இல்லப்பா. போனை உள்ள வச்சு வீடியோ எடுத்தே பாத்துட்டேன். மூடுனதும் அணைஞ்சிருது."

"ஸ்டீரியோ?"

"அதைப் போன வாரமே கழட்டியாச்சு."

"டீக் ஹை. கதவ மெதுவா சாத்திட்டு ஓரமா நில்லுங்கண்ணே. வண்டி தூங்கட்டும். இருபது நிமிஷம் யாரும் தொடக்கூடாது."

ராபின் மின்னி பே பக்கமிருந்து வந்திருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன். செத்துப்போன பேட்டரியை இறக்கிவிட்டு, தான் கொண்டுவந்ததை வைத்து, மைனஸ் முனைக்கும் கம்பிக்கும் நடுவே மீட்டரைக் கோத்திருந்தான். வண்டிக்காரன் நந்தகுமார், தான் குடியிருந்த டெலானிபூர் குவார்ட்டர்ஸின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். சனிக்கிழமை, மணி நான்கு. ஜிர்காடாங் செக்போஸ்டிலிருந்து போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாக வடக்கே போகிற கடைசி கான்வாயும் இந்நேரம் காட்டுக்குள் நுழைந்திருக்கும்.

வண்டி கிளம்பாத மூன்றாவது சனிக்கிழமை இது. ஆபீசுக்கு நடந்தே போகிறவன், வாரம் முழுக்கக் காரைத் தொடமாட்டான். சனிக்கிழமை விடிகாலை மூன்றரைக்குச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறி முடிவதற்குள் கான்வாய்கள் எல்லாம் போய்விடும். பஸ்ஸில் ஒரு வாரம் முன்பே சீட்டு தீர்ந்துவிடும். போன வாரம் எல்லோரும் சொன்னதைக் கேட்டுப் புதுப் பேட்டரியே போட்டான். அதுவும் இன்று செத்துக் கிடந்தது.

காட்டுக்கு அந்தப் பக்கம், பாராடாங்கில், அவன் மனைவி ரூபா நர்ஸ். நான்கு வயது மகள் அவளோடு இருந்தாள். "இந்தச் சனிக்கிழமையும் வரலைன்னா திங்கட்கிழமை கப்பல்ல பாப்பாவைக் கூட்டிக்கிட்டு மெயின்லேண்ட் போறேன்" என்று புதன்கிழமை சொல்லியிருந்தாள். கத்தவில்லை, அழவில்லை. மருந்துச் சீட்டை வாசிக்கிற குரலில் சொன்னாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. தீவில் 'கான்வாய் கிடைக்கவில்லை' என்று சொன்னால் யாரும் மறு கேள்வி கேட்கமாட்டார்கள். கல்யாணமா, கருமாதியா, எதற்குப் போகாவிட்டாலும் அந்த ஒரு வாக்கியம் போதும். போன வருடம் இரண்டு சனிக்கிழமைகளில் அவனும் அதைச் சொன்னான். சொல்லிவிட்டு மின்னி பே கரையில் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். நடுவில் வேறு பெண் யாரும் இல்லை. வாரம் பூராவும் ஃபைல், அப்புறம் காட்டுவழி, படகு, மறுநாள் திரும்ப அதே வழி; ஒரே ஒரு நாள் யாருக்கும் எதுவாகவும் இல்லாமல் இருக்கத் தோன்றியது. பக்கத்து வீட்டு மருதாயி அக்கா பார்த்துவிட்டு, நல்லெண்ணத்தோடுதான், ரூபாவிடம் சொன்னாள். பெண் ஒருத்தி இருந்திருந்தால் ரூபா சண்டையாவது போட்டிருப்பாள். கடலைப் பார்த்தேன் என்பதை அவளால் நம்பவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

"இருநூத்தி அம்பது மில்லி" என்றான் ராபின், மீட்டரின் மேல் குனிந்து. "கால் ஆம்பியர். அம்பதுக்குள்ள இருக்கணும்ணே. உங்க வண்டி தூக்கத்துலயும் சாப்பிட்டுக்கிட்டே இருக்கு."

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஹாரன், வைப்பர், ஏசி. ஒவ்வொன்றுக்கும் நந்தகுமார் மீட்டரைப் பார்த்தான். இருநூற்று ஐம்பது நகரவில்லை. கடைசி ஃபியூஸையும் எடுத்த பிறகும் அதே இருநூற்று ஐம்பது.

"அரே, பெட்டியையே தாண்டிப் போகுது. யாரோ பேட்டரியிலேர்ந்து நேரா இழுத்திருக்காங்க."

பிளஸ் முனையிலிருந்து கிளம்பிய மெல்லிய சிவப்பு ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனான். அது டாஷ்போர்டுக்குப் பின்னால் போய் முடிந்தது. அங்கே தீப்பெட்டியளவு கருப்புப் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே சிம் கார்டு.

"ட்ராக்கர். வண்டி எங்க நிக்குதுன்னு போன்ல காட்டும். மட்டமான மால்ணே, ஓயவே ஓயாது. நீங்க போட்டதா?"

பெட்டியைச் சுற்றி ஆஸ்பத்திரி வெள்ளை பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. மறுபடி உரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று அதன் நுனி உள்பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. மகளின் முழங்காலில் கட்டுப் போடும்போது ரூபா இப்படித்தான் மடிப்பாள். மூன்று வாரத்துக்கு முன் இங்கே வந்திருந்தபோது அவளும் அவள் தம்பி கௌதமும் கடைக்கென்று காரை எடுத்துப்போய் மூன்று மணி நேரம் கழித்து வந்தது ஞாபகம் வந்தது.

ராபின் ஒயரைப் பிடுங்கினான். எண் இருபதுக்கு இறங்கியது. "கதம், முடிஞ்சுது. நோய் இதான்."

"திரும்ப மாட்டு" என்றான் நந்தகுமார்.

"என்னண்ணே?"

"மாட்டுப்பா. பிடுங்கினா அவளுக்குத் தெரியும்."

ராபின் அவனை ஒரு நொடி பார்த்துவிட்டு மாட்டினான். நந்தகுமார் போன் போட்டான். ஐந்தாவது தடவைதான் பாராடாங்கில் சிக்னல் கிடைத்தது.

"கான்வாய் கிடைக்கலையா?" என்றாள் ரூபா.

"பேட்டரி. ரூபா, ஏன்னு இப்பத்தான் தெரிஞ்சுது…"

"வெள்ளிக்கிழமை மதியத்திலேர்ந்து வண்டி மேப்புலயே இல்ல. போன வாரமும் இப்படித்தான். அதுக்கு முந்தின வாரமும் இப்படித்தான். இன்னைக்கு நாலு மணிக்கு வந்து வீட்டு வாசல்ல நிக்குது. அப்புறம் கொஞ்ச நேரம் மறைஞ்சுது, மறுபடி வந்துச்சு. கழட்டிக் கழட்டி மாட்டுறீங்களா? சனிக்கிழமையானா எங்க போயிட்டு வர்றீங்க?"

வேவு பார்த்ததை அவள் மறைக்கக்கூட இல்லை. அதுதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது. பேட்டரி செத்ததும் மேப்பில் புள்ளியும் செத்தது, ராபின் பேட்டரி வைத்ததும் உயிர் வந்தது என்று வாய்க்குள் வாக்கியம் ஓடியது. போன வருடம் அவளுக்குச் சொன்ன பொய்யும் இதைப்போலத்தான் கச்சிதமாக இருந்தது.

"வண்டி இங்கதான் நின்னுது" என்றான்.

"சரி" என்றாள். பின்னால் மகள் எதற்கோ சிரித்தாள். சூட்கேஸ் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

அவள் இன்னும் போனை வைக்கவில்லை. நந்தகுமார் அதைக் காதிலிருந்து எடுத்து ராபினிடம் நீட்டினான். ராபினின் இரண்டு கைகளிலும் கிரீஸ். இந்த வண்டியை அவன் பார்ப்பதே இன்றுதான் முதல்முறை.

"உன்னை அவளுக்குத் தெரியாது, நீ பொய் சொல்ல ஒரு காரணமும் இல்ல. வண்டி ஒரு வாரமா இந்த இடத்தை விட்டு அசையலைன்னு மட்டும் சொல்லு, ராபின். நீ சொன்னா கேப்பா. சொல்றியா?"