மிச்சத்துக்கு ஒரு ஃப்ளாப்பி

வேட்டி நுனியை இழுத்து, கிடத்தியிருந்த கணவர் நயினாரின் வலது மணிக்கட்டை மூடினாள் கௌசல்யா. காலையிலிருந்து இது நாலாவது தடவை. மாலை போட வருகிறவர்கள் குனியும்போதெல்லாம் துணி விலகிவிடுகிறது. மணிக்கட்டைச் சுற்றி வாட்ச் பட்டை அகலத்துக்குக் கருஞ்சிவப்பாக ஒரு தடம். தொண்டைக் குழாயை அவர் பிடுங்கிவிடக் கூடாதென்று ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள்.

"அம்மா, ஒரு வாய் காப்பி குடி," என்றாள் மகள் ஸ்ரீலட்சுமி. பெங்களூரிலிருந்து அவள் வந்து சேர்ந்தபோது குழாய் போட்டாகிவிட்டது. அப்பா பேசி அவள் கேட்கவில்லை.

"வேண்டாம்."

நயினாரின் அக்கா பிச்சம்மாள் நாகர்கோவிலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவள் முகம் பார்த்ததும் எடுத்துவிடுவார்கள். தைக்காட்டு மயானத்தில் இரண்டு மணிக்கு நேரம் வாங்கியிருந்தது.

கௌசல்யாவுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டதிலிருந்து பிடித்த பயம். வருகிறவர்கள் எல்லோரும் "கடைசியா நினைவு இருந்துதா?" என்று கேட்டார்கள். "இல்ல, இல்ல" என்று சொல்லிச் சொல்லியே அதை அடக்கி வைத்திருந்தாள்.

புதன்கிழமை காலை நயினார் ஆக்சிஜன் முகமூடியைத் தன் கையாலேயே விலக்கி, "குழாய் வேண்டாம். எழுதிக்கிடுங்க," என்றார். டாக்டர் சபீனா கௌசல்யாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஆன்ட்டி, ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கூடிட்டே போகுது. அப்போ போதம் கலங்கும். சார் வேண்டாம்னு சொல்றது தெளிஞ்ச புத்தியோட தானான்னு எனக்கு அறியணும். தேதி கேட்டா கண்ணை மூடிக்கிட்டாரு. நீங்க ஏதாவது கேட்டு நோக்குங்க. தெளிவா இருந்தா அவர் சொல்றது தான். இல்லைன்னா நீங்க தீர்மானிக்கணும்."

என்ன கேட்பது? ஆரியசாலையில் இருபது வருஷம் இருவரும் சேர்ந்து டிடிபி சென்டர் நடத்தியவர்கள். அவள் டைப் அடிப்பாள். அவர் பக்கம் கட்டுவார். கடையை மூடிப் பத்து வருஷமாகியும் அவருக்கு ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. கம்ப்யூட்டர் அளவு எதைக் கேட்டாலும், அந்தக் காலத்தில் ஃபைல் ஏற்றிக் கொண்டுபோன ஃப்ளாப்பித் தட்டுக் கணக்குக்கு மாற்றிவிடுவார். போன் கடையில் நூற்றிருபத்தெட்டு ஜிபி என்று சொல்லி முடிப்பதற்குள், "தொண்ணூத்து மூவாயிரத்துச் சொச்சம் ஃப்ளாப்பி" என்பார். கௌசல்யா இவர் யாரோ என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த எண்களில் ஒன்றுகூட அவள் காதில் தங்கியதில்லை.

உள்ளே போய் அவர் காதருகே குனிந்தாள். "ஒரு ஜிபிக்கு எத்தனை ஃப்ளாப்பி?"

நயினார் கண்ணைத் திறந்தார். உதட்டோரம் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "எழுநூத்தி... இருபத்தொம்பது."

போனில் போட்டுப் பார்த்தாள். ஒரு ஜிபிக்கு ஆயிரத்து இருபத்திநாலு எம்பி; அதை 1.44-ஆல் வகுத்தால் எழுநூற்றுப் பதினொன்று சொச்சம். மறுபடி போட்டாள். அதேதான். 1.44 எம்பி என்பது ஒவ்வொரு ஃப்ளாப்பி அட்டையிலும் அவள் கண்ணால் பார்த்த எண். கணக்கில் இந்த மனிதர் பிசகி அவள் பார்த்ததே இல்லை. அப்படியானால் புத்தி கலங்கிவிட்டது என்று எண்ணி வராந்தாவுக்குத் திரும்பினாள்.

"தெளிவா இல்ல டாக்டர்," என்று சொல்லி, குழாய் போடச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு நயினார் பேசவில்லை. மயக்கம் தெளியும்போதெல்லாம் கட்டிய கை மட்டும் அவள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா."

சத்தியதாஸ் வந்திருந்தார். டிடிபி சென்டரில் இவர்களோடு பங்குக்காரராக இருந்தவர். மாலையைப் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துத் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சிக்கு ஒரே ஒரு தடவ தான் கணக்கு பிசகினது, அக்கா."

"எப்போ?"

"தொண்ணூத்தாறுல. நாகர்கோவில் பிரஸ்ல இருந்து ஒரு புக்கு ஃபைலு எடுக்கணும். இருபது போதும்னு நெனச்சு, இருபது வெத்து ஃப்ளாப்பி தந்து விட்டாரு. காப்பி பண்ணிட்டே வந்தா, ஃபைலோட கடைசித் துண்டு கொள்ளாம வெளிய நிக்கிது. ஞாயித்துக்கிழம, ஒரு கடையும் திறக்கல. அதை விட்டுட்டு பஸ் ஏறினேன். அக்காட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினாரு. நீங்க கேலி செய்வீங்களாம்."

"எப்படிப் பிசகிச்சு?"

"அட்டையில போட்டிருக்க 1.44 பொய்யாக்கும். அதுக்குள்ள ஆயிரத்து நானூத்தி நாப்பது கேபி. அதை ஆயிரத்தால வகுத்து அட்டையில அடிச்சிட்டான். கம்ப்யூட்டரு ஆயிரத்து இருபத்திநாலால தானே வகுக்கும்? உள்ளது ஒண்ணே புள்ளி நாலு தான். அன்னையிலேருந்து அண்ணாச்சி அட்டையை நம்பினதில்ல."

கேட்காமல் விட்டுவிடலாம். விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

"அப்போ ஒரு ஜிபிக்கு எத்தனை வேணும்?"

"அண்ணாச்சிக்கு மனப்பாடம்." சத்தியதாஸ் போனை எடுத்தார். சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடி கொண்டு வரல அக்கா."

"போட்டும், விடுங்க," என்றாள் அவசரமாக. பாதி உயிர் திரும்பி வந்தது.

சத்தியதாஸ் விடுகிற ஆள் இல்லை. "மோளே, ஜிபியைக் கேபி ஆக்க, ஆயிரத்து இருபத்திநாலை ஆயிரத்து இருபத்திநாலால பெருக்கு. ஆயிரத்து நானூத்தி நாப்பதால வகு."

செய்ய ஏதாவது வேலை கிடைத்ததே என்பதுபோல ஸ்ரீலட்சுமி தன் போனை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்லக் கௌசல்யா வாயெடுத்தாள். அதற்குள் மகள் எண்களைத் தட்டிவிட்டாள்.

"எழுநூத்தி இருபத்தெட்டு புள்ளி ஒண்ணு ஏழு, மாமா."

"அப்போ எழுநூத்தி இருபத்தொம்பது." சத்தியதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "மிச்சத்துக்கும் ஒரு ஃப்ளாப்பி வேண்டாமா?"

வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிச்சம்மாள் செருப்போடு உள்ளே வந்து, தம்பியின் மார்பில் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்து தலையைத் தூக்கினாள்.

"ஏட்டி கௌசல்யா, கடைசியா இவனுக்கு நினைவு இருந்துதா?"

"இல்ல அத்தை, அப்பாக்கு..." என்று ஆரம்பித்தாள் ஸ்ரீலட்சுமி.

"இருந்துது," என்றாள் கௌசல்யா.

ஸ்ரீலட்சுமி போனைப் பிடித்தபடியே அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிச்சம்மாள் விழுந்து அழுததில் வேட்டி நுனி மறுபடி விலகிக் கிடந்தது. கௌசல்யா அதை இழுத்து மூடவில்லை.