நாலாவது சீசனில் பூங்கோதை இல்லை

‘மாண்புமிகு மாடிப்படி’ தொடரின் நாலாவது சீசன் முடிந்த மறுநாள் காலை, பி பிளாக்கில் எல்லோருக்கும் கைக்கு நாலு விரல்தான் இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கார்ட்டூனில் வந்துவிட்டால் விரல் குறையத்தான் செய்யும். பால் பாக்கெட் தூக்க நாலே தாராளம்.

பூங்கோதைக்கு மட்டும் ஐந்து இருந்தது. இரண்டு கையிலும். அவள் கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டுதான் வாசலுக்கு வந்தாள்.

பெரியவர்களுக்கான கேலித் தொடர் அது. பி பிளாக்கையே வைத்து எடுத்தார்கள். யார் வரைகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. வரையப்பட்டவர்களைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு விழும். தினமும் ஒரே உடுப்புதான். கெட்ட வார்த்தை பேசினால் வாயிலிருந்து ‘பீப்’ என்று சத்தம் வரும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று போட்டிருப்பதால், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கண்ணுக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள். பிள்ளைகள் வந்து மோதுவார்கள். மோதினால் பெருமை.

அந்தக் குடியிருப்பில் மரியாதைக்கு ஒரே ஓர் அளவுகோல்தான். யாரை எவ்வளவு கேவலமாகக் காட்டினார்கள் என்பது. மேல்வீட்டு யோகா வாத்தியார் தன் காலையே தன் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, அவிழ்க்கத் தெரியாமல் தபாலில் ஊருக்குப் போனதாகக் காட்டினார்கள். அன்று அவர் வீட்டில் பாயசம்.

சங்கச் செயலாளர் குணவதி தட்டு நிறைய மைசூர்பாகோடு வந்து நின்றாள்.

“பாத்தியா பூங்கோதை? ஒரு எபிசோடு முழுக்க என்னைப் போட்டு மிதிச்சிட்டான்.”

“பாத்தேன்க்கா.”

“லிஃப்டுக்குக் கருமாதி. நான் தலைமை. கதவக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழறேன். சம்பந்தி வீட்ல போன் பண்ணி, இவ்வளவு அசிங்கமா யாரையுமே காட்டினதில்லன்னு சொல்லி உருகிட்டாங்க.”

“மூக்கக் கொஞ்சம் பெருசாப் போட்டுட்டாங்கக்கா.”

“கொஞ்சமா? பலாக்கா சைஸ்!”

குணவதி மூக்கைப் பாசத்தோடு தடவிக்கொண்டாள். நேற்று இரவிலிருந்து அது அந்த அளவில்தான் இருந்தது.

“உன்னை எங்கயும் காணோமே?” என்றாள் பிறகு. தெரியாமல் கேட்பதுபோல.

பூங்கோதை மைசூர்பாகை மென்றாள். அது மண்ணாக இருந்தது. சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அந்த பிளாக்கில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்பதுவரை தெரிந்து வைத்திருப்பவள் அவள். தெருநாய்க்கு ஒரு பாட்டு வைத்திருந்தார்கள். இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு காதல் வைத்திருந்தார்கள். அவள் புருஷன் தணிகாசலம்கூட இரண்டு எபிசோடில், முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டு தூங்கினார். அவள் இல்லை. கூட்டத்தில் ஒரு தலையாகக்கூட இல்லை.

“சரி, விடு. அதுவும் நல்லதுக்குத்தான்,” என்றாள் குணவதி. “இந்த சீசனுக்கு விமர்சனம் நீதான் பண்ணணும். உள்ள வராத ஆள்தான் பண்ணலாம். சட்டம் அப்படி. வேற யாருமே மிச்சம் இல்ல.”

“போன தடவ வரைக்கும் ஏகாம்பரம் சார்தானே பண்ணாரு?”

“அவருதான் ரெண்டு செகண்டு வந்துட்டாரே. இப்ப என்கிட்டகூடப் பேசறதில்ல. தலக்கனம்.”

விமர்சனம் சாயங்காலம், முற்றத்தில். அங்கே ஒரு புனல் ஒலிபெருக்கி இருந்தது. அது சத்தத்தை வெளியே விடாது. உள்ளே இழுக்கும். விமர்சகர் அதன் வாயில் பேசி, கடைசியில் ‘தொடரலாம்’ என்று சொன்னால் அந்த நிமிடமே அடுத்த சீசன் ஆரம்பம். சொல்லாவிட்டால் எல்லாரும் நின்றது நின்றபடி. சி பிளாக்கின் விமர்சகர் ‘சுமார்’ என்று சொல்லிவிட்டார். அவர்கள் இன்னும் ஒரு காலைத் தூக்கியபடி முற்றத்தில் நிற்கிறார்கள். கொடி இல்லாதவர்கள் அவர்கள்மேல்தான் துணி உலர்த்துகிறார்கள்.

“பாத்துச் சொல்லு தாயி,” என்றாள் குணவதி. “என் மூக்கே உன் கையிலதான் இருக்கு.”

பூங்கோதைக்கு விமர்சனம் ஒரு பொருட்டே இல்லை. அஞ்சாவது சீசனில் தான் வர வேண்டும். அதுவும் நாறடிக்கப்பட வேண்டும். அதற்கு வழி கேட்கத்தான் ஏகாம்பரம் வீட்டுக்குக் கிளம்பினாள்.

வராந்தா நீண்டது. சிவப்பு வாளி ஒன்று வந்தது. பிறகு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பிறகு அதே சிவப்பு வாளி. அதே செருப்பு. செலவை மிச்சம் பிடிக்க ஒரே பின்னணியை ஓட்டுகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. நடையை எட்டிப் போட்டாள். வாளியும் எட்டிப் போட்டது. கடைசியில் அவள் நின்றுவிட்டாள். ஏகாம்பரத்தின் கதவு தானாக அவள் முன்னால் வந்து சேர்ந்தது.

ஏகாம்பரம் குழாயடியில் குடம் வைக்கக் குனிகிறவராக வந்திருந்தார். ஆகவே வீட்டுக்குள்ளும் குனிந்து நிமிர்ந்துகொண்டே இருந்தார். நிமிர்கிற நேரத்தில் மட்டும்தான் பேச முடியும்.

“சார், நான் எப்படி உள்ள வர்றது?”

“விமர்சகரை வரைய மாட்டாங்கம்மா.” குனிந்தார். நிமிர்ந்தார். “மூணு சீசன் நான்தானே.” குனிந்தார். “பால்கனிய விட்டு நகர மாட்டேன்.”

“அப்புறம் எப்படி வந்தீங்க?”

“கீழ எறங்கினேன்.” குனிந்தார். “தண்ணி வந்துச்சு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.” குனிந்தார். அடுத்து நிமிர்ந்தபோது முகம் ஜொலித்தது. “என் லுங்கிய கவனிச்சியாம்மா? பின்னாடி ஓட்டை போட்டிருக்கான்!”

இவரிடம் கேட்டதற்கு வாளியிடம் கேட்டிருக்கலாம் என்று பூங்கோதை திரும்பினாள்.

விமர்சனம் என்றால் திரும்ப ஒருமுறை பார்த்தாக வேண்டும். டிவியைப் போட்டாள். அவளுக்கு எதிர்ப்புற நாற்காலியில் தணிகாசலம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேப்பரைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. அவள் சமையலறைச் சன்னலில் நின்று ஊர்க்கதையெல்லாம் சொல்லுவாள். அவர் ‘உம்’ என்பார். சில நாள் அந்த ‘உம்’மும் பாதிதான் வரும்.

முதல் எபிசோடின் ஓரத்தில் ஒரு துணி ஆடியது. சின்னதாக, பழுப்பாக. இரண்டாவதிலும் ஆடியது. மூன்றாவதில் அதற்குப் பக்கத்தில் துருப்பிடித்த கம்பி ஒன்று தெரிந்தது.

பூங்கோதை எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். அது அவளுடைய கரித்துணி. அவள் வீட்டுச் சமையலறைச் சன்னல் கம்பியில் தொங்குவது.

 ஏழாவது எபிசோடை ஓடவிட்டாள். அது முழுக்க இருட்டு. சத்தம் மட்டும்தான். அந்த இருட்டைத்தான் என்ன துணிச்சல், என்ன கலை என்று ஊரே கொண்டாடியது. அன்று அவள் தங்கச்சி வளைகாப்புக்கு வேலூர் போயிருந்தாள்.

லிஃப்ட் கருமாதி எபிசோடை மறுபடி போட்டாள். லிஃப்ட் நின்றுபோன அன்று, “குணவதி ஆடற ஆட்டத்தப் பாத்தா லிஃப்டுக்குக் கருமாதியே வெச்சிருவா போல” என்று இவள்தான் சன்னலில் நின்று சொன்னாள். “மூக்கப் பாரு, பலாக்கா மாதிரி” என்றும் சொன்னாள். யோகா வாத்தியாரை முடிச்சுப் போட்டதும் இவள் வாய்தான். இஸ்திரிப் பெட்டிக்குக் காதல் கட்டியதும் இவள் வாய்தான்.

“என்னங்க!” என்று கத்தினாள். “இந்த சீசனே நான்தாங்க! என் கண்ணு! என் வாயி!”

“உம்,” என்றார் தணிகாசலம்.

பூங்கோதை சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் குதித்தாள். நாலு தெருவுக்குக் கேட்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல வாயெடுத்தபோதுதான் அந்த இன்னொரு விஷயம் உறைத்தது. சன்னலில் நிற்பவள் சன்னலுக்கு வெளியே எப்படித் தெரிவாள்? ஏகாம்பரம் குனிந்து குனிந்து சொன்னது அதைத்தான்.

அவள் அலமாரியைத் திறந்தாள். மாம்பழ மஞ்சள் புடவை. அதற்குச் சேராத ஊதா ஜாக்கெட். வேண்டுமென்றேதான் எடுத்தாள்.

சாயங்காலம் பி பிளாக் முழுக்க முற்றத்தில் கூடியிருந்தது. சி பிளாக் ஆட்கள்மேல் கிடந்த துணிகளை மரியாதைக்காக எடுத்திருந்தார்கள். பூங்கோதை புனலின் முன் நின்றாள். கையை முந்தானையிலிருந்து வெளியே எடுத்தாள். ஐந்து விரலைப் பார்த்துச் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“எல்லாருக்கும் வணக்கம். மூணு சீசனா ஒரே மாதிரி அரைச்ச மாவுதான். இந்த சீசன்லதான் உப்பு ஒறப்பு சேர்ந்திருக்கு. லிஃப்ட் கருமாதியில, சாமியார் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு ரெண்டு மாடிக்கு நடுவுல மந்திரம் சொல்றாரே, அங்க நான் சிரிச்ச சிரிப்புல பால் பொங்கினதே தெரியல.”

கூட்டம் கைதட்டியது. குணவதியின் மூக்கு சிவந்து இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

“நடுவுல கொஞ்சம் தொய்வு. பார்க்கிங் சண்டைய மூணு எபிசோடுக்கு இழுத்திருக்க வேணாம். பாதிக்கு மேல பீப்தான், கதையக் காணோம். நாயோட பாட்டு அருமை. நாய்க்கு இருக்கற வெட்கம் இங்க ஒருத்தருக்கும் இல்லன்னு முடிச்சாங்க பாருங்க, அங்க நான் எழுந்தே நின்னுட்டேன்.”

மறுபடி கைதட்டல். நாய் தலை குனிந்துகொண்டது.

“ஆனா ஒரே ஒரு குறை.”

முற்றம் விறைத்தது. பக்கத்திலேயே சி பிளாக் நிற்கிறது. யோகா வாத்தியார் இப்போதே வசதியான ஒரு நிலையில் உட்கார்ந்துகொண்டார்.

“பூங்கோதை,” என்றாள் குணவதி பல்லைக் கடித்துக்கொண்டு. “வேணாம்.”

“எல்லாரையும் கிழிச்ச கத, ஒருத்திய மட்டும் தொடல. வாய்த்துடுக்குல இந்த பிளாக்கையே தூக்கிச் சாப்பிடற ஒருத்தி. அவள விட்டுட்டுக் கேலி பண்றது, உப்ப மறந்துட்டு ஊறுகா போடற மாதிரி. அஞ்சாவது சீசன்ல அது சரியாகும்னு நம்பறேன். தொடரலாம்.”

சீசன் அந்த நிமிடமே ஆரம்பித்தது. கீழேயிருந்து வண்ணம் வெளுக்கத் தொடங்கியது. முதலில் எல்லோருடைய செருப்பும் வெளுத்தது. பிறகு முழங்கால். முற்றமும் ஏழாவது எபிசோடு மாதிரி மங்கியது. ஏகாம்பரம் குனிந்தவர் நிமிரவில்லை.

“என்ன (பீப்) பண்ணித் தொலைச்சே?” என்றாள் குணவதி. அவள் கையிலிருந்த மைசூர்பாகு வெறும் சதுரமாகிவிட்டது. “ஏன் இருட்டுது?”

“சன்னல்ல ஆள் இல்லக்கா. நான் அங்க நின்னு பாத்ததும் சொன்னதும்தான் படம்.”

“போ! ஓடு! போய் நில்லு!”

“போக மாட்டேன்.”

பூங்கோதை அண்ணாந்து தன் வீட்டுச் சன்னலைப் பார்த்தாள். அங்கே கரித்துணி மட்டும் ஆடியது. அதற்குப் பின்னால், கூடத்தில், பேப்பரின் ஒரு முனை தெரிந்தது.  கத்தினாள்.

“என்னங்க! எந்திரிச்சு சன்னல்கிட்ட வாங்க!”

“எதுக்கு?” என்றது பேப்பர்.

“பாக்கறதுக்கு!”

“அங்க பாக்க என்ன இருக்கு?”

முற்றத்தில் வண்ணம் இடுப்புவரை போய்விட்டது. யாரோ விசும்பினார்கள். விசும்பலும் கறுப்பு வெள்ளையாக இருந்தது.

“நான் இருக்கேங்க!” என்றாள் பூங்கோதை. “என்னப் பாருங்க!”

பேப்பர் இறங்கியது. அதை இந்தக் குடியிருப்பில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. பேப்பருக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது. அது எழுந்தது. மெதுவாகச் சன்னல்வரை வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தது.

 அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வண்ணம் வெளுப்பது நின்றது. ஆனால் ஏறவில்லை.

“வெறுமனே பாத்தாப் போதாதுங்க!” என்று பூங்கோதை கையை ஆட்டினாள். “ஏதாச்சும் சொல்லணும்!”

தணிகாசலம் யோசித்தார். தாடையைச் சொறிந்தார்.

“உம்,” என்றார்.

குணவதி தலையில் அடித்துக்கொண்டாள்.

“முழுசாச் சொல்லுங்க!”

“அந்தப் பொடவைக்கு இந்த ஜாக்கெட்டா?” என்றார் தணிகாசலம். கொஞ்சம் நிறுத்தினார். பழக்கமில்லாத வாய். “பஞ்சாமிர்த டப்பாவுக்குக் கையும் காலும் மொளச்ச மாதிரி இருக்கே.”

வண்ணம் குபீரென்று ஏறியது. ஏகாம்பரம் நிமிர்ந்தார். பூங்கோதையின் புடவை இன்னும் மஞ்சளாயிற்று. ஜாக்கெட் கை பலூனாக உப்பியது. உடம்பு கீழேயிருந்து மேல்வரை உருண்டையாக, வழவழப்பாக, மூடியோடு திரண்டது. அவளைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு சரசரவென்று ஓடி முடிச்சிட்டுக்கொண்டது. இரண்டு கையிலும் ஒவ்வொரு சுண்டுவிரல், வலியில்லாமல் கழன்று முற்றத்தில் விழுந்தது. நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது.

பள்ளிக்கூடப் பையோடு சைக்கிளில் வந்த ஒரு சின்னப்பெண் நேராக அவள்மேல் மோதினாள்.

“ஐயே, இங்க என்னமோ இருக்கு,” என்றாள் காற்றைத் தடவிப் பார்த்து. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பூங்கோதைக்குக் கண் நிறைந்தது. கண்ணீர் பெரிய பெரிய நீலச் சொட்டாக விழுந்தது.

“மொத நாளே இவ்வளவு கேவலமா?” என்றாள் குணவதி. அவள் குரலில் நெருப்பு இருந்தது. “எனக்கு இந்த மூக்கு வர நாலு சீசன் ஆச்சுடி!”

பூங்கோதை அவளைப் பார்க்கவில்லை. மூடியைச் சரிசெய்துகொண்டு மேலே பார்த்தாள். தணிகாசலம் உள்ளே போய் ஒரு முக்காலி கொண்டுவந்தார். சன்னலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மடியில் பேப்பர் இல்லை.

“நல்லாத் தெரியறேனா?” என்று கத்தினாள்.

“கொஞ்சம் எடப்பக்கம் நகரு,” என்றார் தணிகாசலம். “கரித்துணி மறைக்குது.”

அவள் நகர்ந்தாள்.