நெல்லறைச் சுவர்

ஓடு மாற்றப் போன குற்றத்துக்குத் தன்னைப் பிடித்து அடைப்பார்கள் என்று சரவணமுத்து கனவிலும் நினைக்கவில்லை. மாரி மழைக்கு முன் அந்த உடைந்த ஓட்டை மாற்றாவிட்டால் கூரைக் கைமரம் உக்கிவிடும். அவரே காட்டிலிருந்து வண்டி கட்டி இழுத்து வந்த பாலை மரம் அது. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லை விற்று, கல்லுக் கல்லாய்ச் சேர்த்துக் கட்டிய வீடு. சண்டைக் காலத்தில் அதை விட்டு ஓடி, முகாமில் கிடந்து, மீள்குடியேற்றம் என்று பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிய அன்று பார்த்தால், வாசலில் பொலிஸ் காவலரண் என்று பலகை தொங்குகிறது. அன்றிலிருந்து அவரும் மனைவி சிவக்கொழுந்தும் வயலுக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டிலில் இருக்கிறார்கள். வீட்டைக் கெதியாக விடுவோம் என்று போன அரசாங்கக் கந்தோரிலெல்லாம் சொன்னார்கள். சொல்வதற்கு என்ன, வாய்தானே.

கூரையில் ஆளைக் கண்டதும் காவலரண் அல்லோலகல்லோலப்பட்டது. குண்டு வைக்க ஏறினாயா என்று கேட்டார்கள். கையிலிருந்த புது ஓட்டைக் காட்டினார். அதை யார் நம்பினார்கள்? அவருடைய நெல்லறையிலேயே அவரைப் பூட்டினார்கள். கோபத்தைவிட வெட்கம்தான் அவரைத் தின்றது.

அறையில் ஏற்கெனவே பாலசிங்கம் இருந்தான். கசிப்பு, கள்ளச் சாராயம், காய்ச்சிப் பிடிபட்டவன். சீனி போட்டுப் புளிக்கவைத்த அவனுடைய கோடாப் பீப்பாக்களும் கூடவே இருந்தன. மன்னார்க் கோட்டில் நீதவானுக்குக் காட்ட வேண்டிய சாட்சிப் பொருள். பூட்டு உள்ள அறையோ இது ஒன்றுதான். ஆளையும் சரக்கையும் ஒன்றாக அடைத்த புத்தியை நினைத்துப் பாலசிங்கம் அடிக்கடி சிரித்துக்கொண்டான். புளித்த வாடை மூக்கைத் துளைத்தது.

மடு மாதா கோயில் திருவிழாக் காவலுக்கு ஜீப்பும் மற்றப் பொலிஸ்காரரும் போய்விட, சார்ஜன் விஜேரத்ன மட்டும் தனியே இருந்தார். பொழுது சாய்கிற நேரம் வேலிக் கம்பி அறுந்த சத்தம் கேட்டது. சரவணமுத்து அறை ஜன்னலால் எட்டிப் பார்த்தார். ஆவணி வறட்சியில் குளத்தடியில் திரிந்த யானைகள், மூன்று, வீட்டின் பின்புறத்தில் தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றன.

"ஐயோ, என்ர கோடா!" என்றான் பாலசிங்கம்.

சார்ஜன் முற்றத்துக்கு ஓடி வானத்தைப் பார்த்துச் சுட்டார். யானைகள் விலகின. மறுபடி சுட்டார். இந்தமுறை பெரியது விலகவில்லை. காதை விரித்துக்கொண்டு நேரே வந்தது. அவர் பாய்ந்து உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அடுத்த கணம் நெல்லறைச் சுவரில் மோதல் விழுந்தது. காரை உதிர்ந்து சரவணமுத்துவின் தலையெல்லாம் வெள்ளையானது. இரண்டாம் மோதலில் கல் பெயர்ந்து, ஓட்டையால் தும்பிக்கை உள்ளே வந்து பீப்பாவைத் தேடியது.

"சேர், திறவுங்கோ!" என்று இருவரும் கத்தினார்கள்.

சார்ஜன் ஓடி வந்து பூட்டைத் திறந்தார். "றோட்டுக்கு ஓடுவம்" என்றார்.

"வெட்டவெளி சேர். ஓடினா மிதிச்சுப்போடும்." என்றார் சரவணமுத்து. "நாங்கள் போனா வீட்டையும் தரையோட தரையாக்கிப்போடும். ஒருக்கா விட்டிட்டு ஓடினனான். இனி ஏலாது."

சார்ஜன் அவரை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அப்ப என்ன செய்யிறது, ஐயா?" காலையில் 'நீ' என்றவர்.

"பக்கத்து அறை அலுமாரிக்குப் பின்னால கதவு இருக்கு."

"அது ஆணி அடிச்சது."

"கழட்டலாம். நெல்லு மூட்டையை வண்டியில ஏத்திறதுக்கெண்டு நான் வச்ச கதவு. அங்கால சரிவு கட்டியிருக்கு. உருட்டிவிட்டா பீப்பா வயலுக்குப் போகும். அதுகள் பின்னால போகும்."

"கோட்டில என்ன காட்டுறது?"

"என்னைக் காட்டுங்கோ சேர்," என்றான் பாலசிங்கம். "நான்தான் காய்ச்சினனான் எண்டு நானே சொல்லுறன். உயிர் இருந்தாத்தானே சொல்லலாம்."

மூவரும் அலுமாரிக்குத் தோள் கொடுத்தார்கள். சார்ஜன் துவக்குப் பிடியால் ஆணிப் பலகையைப் பெயர்த்தார். பின்னால் மூன்றாம் மோதல் விழுந்து கூரை முனகியது. கைமரம் தாங்கவேண்டுமே என்று சரவணமுத்து வாய்விட்டே கும்பிட்டார். பீப்பாக்களை ஒவ்வொன்றாகச் சரித்து உருட்டி, அந்தக் கதவால் தள்ளிவிட்டார்கள். சரிவில் ஓடி, மூடி கழன்று, காய்ந்த வயலெல்லாம் கோடா பாய்ந்தது. பாலசிங்கம் மட்டும் கடைசிப் பீப்பாவை ஒருமுறை தடவிக்கொடுத்துத்தான் தள்ளினான்.

வாடை வந்த பக்கம் யானைகள் வீட்டைச் சுற்றிக்கொண்டு போயின. ஆற அமரக் குடித்துவிட்டு, இருட்டோடு இருட்டாகக் குளத்துப் பக்கம் இறங்கின. சார்ஜன் தேத்தண்ணி ஊற்றினார். பொலன்னறுவையில் தன் அப்பாவின் வீட்டையும் யானை உடைத்ததென்றும், அப்பா பிறகு வீடே கட்டவில்லையென்றும் சொன்னார். சரவணமுத்து தன் கோப்பையை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

விடிந்ததும் சார்ஜன் பழக்கத்தில் இருவரையும் நெல்லறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டினார். பூட்டிவிட்டு ஓட்டையைப் பார்த்தார். மாட்டுக்கன்று ஒன்று தாராளமாகப் போய்வரலாம். வெளியே சுற்றி வந்து அந்த ஓட்டையால் தலையை நீட்டினார்.

"ஐயா, போங்க. நான் பாக்கல்ல."

"எங்க சேர் போறது? இதுதானே வீடு," என்றார் சரவணமுத்து. "அந்தக் கல்லுகளை எடுத்துத் தாங்கோ. கிணத்தில ரெண்டு வாளி தண்ணியும்."

பாலசிங்கம் ஓட்டையால் வெளியே போய், மண்ணைக் குழைத்துக்கொண்டு திரும்பவும் உள்ளே வந்தான். அவன் போய்விடுவான் என்று சார்ஜனும் நினைக்கவில்லை. வெளியிலிருந்து அவர் கல்லைத் துடைத்து நீட்ட நீட்ட, உள்ளேயிருந்து சரவணமுத்து வாங்கி வைத்தார். சாந்தை வழித்தார், தட்டினார், ஒற்றைக் கண்ணை மூடி நேர் பார்த்தார். வரிசை ஏற ஏற அறைக்குள் வெளிச்சம் குறைந்தது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு தன் வீட்டில் வேலை செய்கிறார். அந்தச் சந்தோசத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

வயலுக்கு அப்பால் கொட்டில் வாசலில் சிவக்கொழுந்து கண்ணுக்கு மேல் கை வைத்தபடி நின்றாள். குளத்து அணைக்கட்டில், திருவிழாவுக்குப் போன ஜீப்பின் புழுதி எழும்பியது. சார்ஜனின் கையில் கடைசிக் கல் இருந்தது. அவர் புழுதியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இதையும் வைத்தால் ஐயா மறுபடி கைதி. கல்லை நீட்டவில்லை.

மிச்சமிருந்த இடைவெளியால் மண் அப்பிய கை ஒன்று வெளியே வந்து, உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தது.