கால்வாயில் இல்லாத விலாங்குகள்

அன்று வாளியில் இருந்தவை நாற்பதா அறுபதா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. மழை தூறியதாகக் கேட்ட நினைவும் உண்டு. யாக்கிமா பள்ளத்தாக்கில் அக்டோபர் நடுவில் மழை அபூர்வம், ஒருவேளை பின்னால் நானே சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். பாசனச் சங்க அலுவலகத்தில் பேசிக்கொண்டது மட்டும் சரியாக நினைவிருக்கிறது. லாவெர்ன் அதை என்னிடம் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் ஒரு சொல் மாறவில்லை.

லாவெர்ன் அமெரிக்கப் பழங்குடி மன்றத்தின் மீன்வளப் பிரிவில் இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவள். அவள் கவலையெல்லாம் லாம்ப்ரேக் குஞ்சுகளைப் பற்றியது. பாம்புபோல் நீண்ட அந்த மீனை லாம்ப்ரே என்று அதிகாரிகள்தான் சொல்வார்கள். ஆற்றோரத்தில் எல்லாருக்கும் அது விலாங்கு. குஞ்சுகள் ஏழு வருடம்வரை கண் தெரியாமல் சேற்றுக்குள் கிடக்கும். நூடுல்ஸ் கனம்கூட இராது. ஆற்றுநீரைப் பாசனத்துக்குத் திருப்பும்போது அவையும் கால்வாய்க்குள் போய்விடும். அக்டோபரில் ஆப்பிள் பறித்து முடிந்ததும் கால்வாயை அடைப்பார்கள். நீரை மெல்ல வடித்தால் குஞ்சுகள் சேற்றைவிட்டு மேலே வரும். வாரிக்கொண்டு போய் ஆற்றில் விடலாம். ஒரே நாளில் வடித்தால் சேற்றோடு சேர்ந்து காய்ந்துபோகும். மிச்சத்தைத் தூர்வார வரும் பொக்லைன் பார்த்துக்கொள்ளும்.

டோலன் மேட்டுப் பாசனச் சங்கம் அந்த ஆண்டு ஒரே நாளில் வடிப்பதாக முடிவு செய்திருந்தது. காரணம், அவர்களிடம் புதுச் சல்லடை இருந்தது. ஆற்றிலிருந்து கால்வாய் பிரியும் வாயில் நின்ற அந்தக் கம்பிச் சல்லடை சால்மன் குஞ்சுகளுக்காகச் செய்தது. விலாங்குக் குஞ்சு அதன் இடுக்கில் தாராளமாக நுழைந்துபோகும். சங்கத்து ஆள் வெள்ளிக்கிழமைதோறும் சல்லடையில் சிக்கியிருக்கும் விலாங்குகளை எண்ணி எழுதுவார். இரண்டு ஆண்டுகளாக வாராவாரம் பூஜ்யம். பூஜ்யம் சேரச் சேரச் சங்கத்தின் பெருமை கூடியது, விருதுகூட வந்தது. வாசலில் முட்டிக்கொண்டு நிற்பவர்களை எண்ணி, வீட்டுக்குள் எத்தனை பேர் போனார்கள் என்று கண்டுபிடிக்கும் முறை அது.

மேலாளர் கிளேட்டன் ஸ்ட்ரூம் கெட்டவர் இல்லை. காகிதத்தை நம்புகிறவர்.

“நாலு நாள் குடுங்க, கிளேட்டன். மெதுவா வடிங்க, அது போதும்,” என்றாள் லாவெர்ன்.

“எதுக்கு? இல்லாத மீனைப் பிடிக்கவா?”

“இருக்கு.”

“சல்லடைல ஒண்ணுகூட மாட்டலையே. ரெண்டு வருஷ ரிப்போர்ட் இருக்கு, பாக்குறீங்களா?”

“மாட்டலன்னா உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம்.”

“இல்லம்மா, வரவே இல்லன்னு அர்த்தம்.”

அவளோடு வந்திருந்த சித்தி மகன் டெல்வின் கதவில் சாய்ந்தபடி, “எங்க வீட்டுப் பூனையும் இப்படித்தான் சார். இதுவரைக்கும் ஒரு எலி மாட்டல. அதுக்கும் ஒரு விருது பாத்துக் குடுங்க,” என்றான்.

லாவெர்ன் வெளியே போனாள். அரைமணி நேரத்தில் ஒரு வாளியோடு வந்து அதை அவர் மேசைமேல் வைத்தாள். ஸ்ட்ரூம் எட்டிப் பார்த்தார். அடியில் கலங்கல், அதில் பழுப்பு நிறத்தில் குஞ்சுகள் நெளிந்தன. அந்த அறையில் அதுவரை பொய் சொல்லாதது அந்த வாளி ஒன்றுதான் என்று லாவெர்னுக்குப் பட்டது.

“எங்க பிடிச்சீங்க?”

“உங்க சல்லடைக்கு முந்நூறு அடி கீழ.”

“சல்லடையத் தாண்டி வர முடியாதே.”

“வந்திருக்கே.”

“அப்ப வேற வழியாத்தான் வந்திருக்கணும்,” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளறைக்குப் போய்ச் சங்கத்து வக்கீலுக்குப் போன் செய்தார். திரும்பி வரும்போது கையில் ஒரு தாள் இருந்தது. முகம் தெளிந்திருந்தது. தாளில் எழுதியிருந்தது இதுதான்:

சல்லடை பழுதற்றது என்பது ஏற்கெனவே நிறுவப்பட்டது. ஆகவே கால்வாயில் காணப்படும் விலாங்குகள் பழங்குடித் தரப்பினரால் அங்கே விடப்பட்டவையே. அத்தரப்பு ஆண்டுதோறும் தன் விலாங்குகளை முழுவதுமாக அகற்ற வேண்டும். அதற்காக நீர் நான்கு நாட்களில் படிப்படியாக வடிக்கப்படும். அதுவரை இயந்திரம் இறங்காது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

டெல்வின் அவள் தோளுக்கு மேலாகப் படித்தான். “அக்கா, நாமளே கொண்டாந்து போட்டோம்னு எழுதிருக்கான். இதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு சல்லடைய மாத்துன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேப்போம்?”

“தெரியுது.”

“பின்ன?”

“வியாழக்கிழமை பொக்லைன் வருதுடா.”

அவள் தாளை மறுபடியும் படித்தாள். சல்லடையோடு அடுத்த வருடமும் சண்டை போடலாம். சேற்றில் கிடப்பவற்றுக்கு அடுத்த வருடம் கிடையாது. இதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் இருந்தது, ஒவ்வொரு முறையும் கசந்தது.

“நாலை ஆறாக்குங்க,” என்றாள்.

“அஞ்சு,” என்றார் ஸ்ட்ரூம்.

கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து நாளும் சேற்றில் வாளிகளை ஏற்றிய பலகைச் சறுக்குகளை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். முதுகில் மாட்டிய கருவியிலிருந்து மெல்லிய மின்சாரம் பாய்ச்சினால் குஞ்சுகள் கூச்சம் தாங்காமல் தலை நீட்டும். கைவலையால் அள்ளி வாளியில் போட வேண்டும். இரண்டாம் நாள் ஸ்ட்ரூம் மேற்பார்வைக்கு வந்தார். ஒப்பந்தப்படி ஒன்றுகூட மிஞ்சக் கூடாதே.

“அங்க ஒண்ண விட்டுட்டீங்க,” என்று கரையிலிருந்து கை நீட்டினார். “இங்கயும் உங்களுது ஒண்ணு நெளியுது பாருங்க.”

“அங்கேருந்து சொன்னா எங்களுக்கு எப்படிச் சார் தெரியும்? இறங்கி எடுத்துக் குடுங்க,” என்று டெல்வின் ஒரு வலையை நீட்டினான்.

அவர் சிறிது யோசித்துவிட்டு ஷூவைக் கழற்றினார். சாயங்காலம்வரை மேலே ஏறவில்லை. அவரளவுக்கு ஒன்றுவிடாமல் தேடியவர் அந்தக் கூட்டத்தில் வேறு யாருமில்லை.

ஸ்ட்ரூம் மூன்று ஆண்டு கழித்து ஓய்வு பெற்று அரிசோனாவில் மகளோடு இருக்கிறார். டெல்வின் மீன்குஞ்சு பொரிப்பு நிலையத்தில் நிரந்தர வேலைக்குப் போய்விட்டான். சல்லடையை மாற்றச் சொல்லி மன்றம் போட்ட மனு, லாவெர்னின் கையெழுத்தைக் காட்டித் தள்ளப்பட்டது. அதற்காக அவள் சொந்தத்தில் இரண்டு குடும்பங்கள் அவளோடு பேசுவதில்லை. அவள் அக்டோபர்தோறும் ஐந்து நாள் கால்வாயில் இறங்குகிறாள். பிடித்த குஞ்சுகளை ஆற்றில் விடுகிறார்கள். அவற்றில் சில வளர்ந்து கடலுக்குப் போயிருக்கும். எத்தனை என்று யாருக்கும் தெரியாது.