எச்சில் படாத தம்ளர்

பராசரன் பாட்டிலின் தக்கையைப் பிடித்து இழுத்தபோது அது முனகாமல் கையோடு வந்தது. அப்போதுதான் ஜெயராஜ் கவனித்தார். தக்கையைச் சுற்றி இருக்க வேண்டிய சிவப்பு மெழுகு உடைந்து, பாட்டிலின் கழுத்தில் பாதிதான் ஒட்டிக்கொண்டிருந்தது. சரக்கும் கழுத்து வரை இல்லை, இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. யாரோ முன்னமே திறந்திருக்கிறார்கள். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சோழவரம் ஏரிக்கரையில் வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் ஜெயராஜுக்கு முதுகு சில்லிட்டுப் போனது.

இருவரும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே இரும்பு உருக்காலையில் வேலை பார்ப்பவர்கள். ஜெயராஜ் ஃபர்னஸில் ஃபோர்மேன், பராசரன் லேப் இன்சார்ஜ். கொதிக்கும் இரும்பில் ஒரு கரண்டி மொண்டு அச்சில் ஊற்றி, அது இறுகியதும் இடுக்கியால் பிடித்துக் கொண்டுபோய் லேப் ஜன்னலில் நீட்டுவார் ஜெயராஜ். உள்ளேயிருந்து பராசரன் இன்னொரு இடுக்கியால் வாங்கிக்கொள்வார். அவர் பரிசோதித்து ஓகே சொன்னால்தான் இரும்பு உலையை விட்டு வெளியே வரும். இருபது வருஷப் பழக்கம் என்றால் இவ்வளவுதான். இருவரும் சேர்ந்து ஒரு டீ குடித்ததில்லை. பராசரன் திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பத்து ஆள், காபியே வீட்டிலிருந்து பிளாஸ்கில்தான் வரும். அப்பேர்ப்பட்ட மனுஷர் போன் பண்ணி, "அமெரிக்கா பாட்டில் ஒண்ணு வந்திருக்கு, வாங்கோ, சேர்ந்து சாப்பிடலாம்" என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

காரணம் தெரியாமல் இல்லை. ஜெயராஜின் மகள் ஏஞ்சலும் பராசரனின் மகன் ஸ்ரீவத்ஸனும் ஆந்திர எல்லையிலுள்ள ஸ்ரீசிட்டியில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். கட்டினால் அவனைத்தான் என்று ஏஞ்சல் வீட்டில் சொல்லிவிட்டாள். அவனும் தன் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். ஜெயராஜின் அப்பா பொன்னேரிப் பக்கம் ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். காலனிப் பெண்ணைக் கட்டுகிறேன் என்று மகன் சொன்ன பிறகு, எந்த அப்பா பெண்ணின் தகப்பனைத் தனியாக ஏரிக்கரைக்கு அழைத்துச் சரக்கு ஊற்றிக் கொடுப்பான்?

"இருவது வருசமா ஒரு டீ வாங்கிக் குடுக்காத ஆளு, இன்னிக்கி இன்னாத்துக்குச் சரக்கு குடுக்கிறாரு?" என்று கேட்டிருந்தாள் மனைவி கன்னியம்மா, ஜெயராஜ் வீட்டில் வண்டியை எடுக்கும்போது. "பேப்பர்ல டெய்லி இன்னா வருதுன்னு பாத்துக்கினுதான கீற? அவரு குடிச்சி, அது தொண்டையில எறங்குறத உன் கண்ணால பாக்குற வரிக்கும் நீ வாய்ல வெக்காத. ஆமா."

அதோடு விடவில்லை. தன் தம்பி சாம்சனைக் காரனோடை டீக்கடையில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், அவன் கரைக்கு வந்துவிடுவான். சாம்சன் பேச்சுக்காரன் இல்லை, கைதான் முதலில் பேசும்.

பராசரன் காரின் டிக்கியிலிருந்து இரண்டு மடக்கு நாற்காலிகளை எடுத்து, வேப்பமரத்து நிழலில் விரித்திருந்தார். கோடையில் ஏரி ஏகத்துக்கும் உள்வாங்கிக் கிடந்தது. தண்ணீர் தூரத்தில் ஒரு தகடாக மின்னியது, நடுவில் எல்லாம் வெடித்த களிமண். ஆடு மேய்ப்பவர்கூடக் கண்ணில் படவில்லை. கத்தினால் கேட்க ஆளில்லை என்பதை ஜெயராஜ் வந்த உடனேயே பார்த்துவைத்துக்கொண்டார். நடுவில் ஒரு முக்காலி. அதன் மேல் இரண்டு எவர்சில்வர் தம்ளர்கள், மோர் கொண்டுவருகிற பிளாஸ்கில் ஐஸ் கட்டி, ஒரு டப்பாவில் தட்டை, இன்னொரு டப்பாவில் புளியோதரை. சரக்குக்குப் புளியோதரையைத் தொட்டுக்கொள்கிற மனுஷரை ஜெயராஜ் இந்த ஜென்மத்தில் பார்த்ததில்லை. கன்னியம்மா வறுத்துக் கொடுத்த நெத்திலி அவருடைய வண்டிப் பெட்டியிலேயே இருந்தது. அதை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

"இது லிமிடெட் ரிலீஸாம். வருஷத்துக்கு ஒரு தரம்தான் விடுவாளாம். குலுக்கல்ல பேர் விழுந்தவாளுக்குத்தான் கிடைக்குமாம். பாருங்கோ, பீப்பாய் நம்பரைக் கையால எழுதியிருக்கா." பராசரன் சர்டிபிகேட்டை வாசிப்பதுபோல லேபிளை வாசித்தார். "போர்பன்னு பேர். முக்காலும் மக்காச்சோளம். புது மரப் பீப்பாயை உள்பக்கம் நெருப்பு வெச்சுக் கருக்கி, அதுல ஊத்தி வருஷக்கணக்கா வெச்சிருப்பாளாம். வத்ஸன் ட்ரெயினிங்குக்குப் போனப்போ வாங்கினது. தன் கல்யாணத்தன்னிக்குத் திறக்கணும்னு பீரோவுல வெச்சிருந்தான். நான்தான் எடுத்துண்டு வந்துட்டேன்."

கல்யாணத்துக்கு வைத்திருந்த பாட்டிலை ஏன் இப்போதே திறக்க வேண்டும்? கல்யாணமே இல்லை என்று ஆகிவிட்டதாலா? ஜெயராஜ் கேட்கவில்லை. பராசரன் இரண்டு தம்ளரிலும் ஊற்றி ஐஸ் போட்டார். வாசனை எழுந்தது. டாஸ்மாக் பிராந்தியின் நெடி இல்லை இது. வெல்லப்பாகு கொஞ்சம் தீய்ந்தால் வருகிற மணம், அடியில் சுட்ட மரத்தின் மணம். நெருப்போடு பிழைக்கிறவர் என்பதால் அந்தக் கருகல் மணம் ஜெயராஜுக்கு உடனே பிடித்துப்போயிற்று. நாக்கு ஊறியது. இவ்வளவு நல்ல வாசனைக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவிடலாமே என்றும் தோன்றியது.

வழக்கம்போல விரலை நனைத்து மண்ணில் மூன்று முறை தெளித்தார். செத்தவர்களுக்கான பங்கு அது. ஞானஸ்நானம் எடுத்த குடும்பமானாலும் அதை மட்டும் அவர்கள் வீட்டு ஆண்கள் யாரும் விட்டதில்லை. தெளித்த இடத்தில் ஒரு எறும்பு வந்தது. செத்தவர்களை மறந்து ஜெயராஜ் அந்த எறும்பையே உற்றுப் பார்த்தார். அது ஈரத்தைச் சுற்றிக்கொண்டு தன் வழியே போய்விட்டது.

பராசரன் தம்ளரைத் தூக்கினார். விளிம்பு உதட்டில் படாமல், அண்ணாந்து, உயரத்திலிருந்து வாய்க்குள் சரித்தார். கோயில் தீர்த்தம் ஆனாலும் அமெரிக்கா சரக்கு ஆனாலும் அவருக்கு ஒரே விதம்தான் போலிருக்கிறது. முகம் சுருங்கியது, கண்ணில் நீர் கட்டியது. ஆனால் உள்ளே எவ்வளவு போனது, போனதா இல்லையா என்று ஜெயராஜால் சொல்ல முடியவில்லை. இன்னொன்றும் உறுத்தியது. உதட்டில் படாமல் குடிப்பது இவர் வழக்கமா, அல்லது காலனிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாலா? இரண்டு சந்தேகத்தில் எது அதிகம் வலிக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. சட்டைப்பையில் கைவிட்டு, பார்க்காமலே போனை அமுக்கினார். ஒரு ரிங் போனதும் துண்டித்தார்.

"நீங்க இன்னும் வாயில வெக்கலையே?" என்றார் பராசரன்.

இனி ஒளிப்பதில் அர்த்தமில்லை என்று ஜெயராஜுக்குப் பட்டது. "சீல் ஒடஞ்சிகீதே சார்?"

பராசரனின் காது மடல்கள் சிவந்தன. தம்ளரை முக்காலியில் வைத்துவிட்டு வேட்டியைச் சரிசெய்தார். "நேத்திக்கு ஆத்துல எல்லாரும் கோயிலுக்குப் போனப்புறம், மொட்டை மாடியில நின்னுண்டு ஒரு வாய் பார்த்தேன். பொறந்ததுலேர்ந்து இதைத் தொட்டதில்லை. உங்க முன்னாடி புரையேறி மானம் போகப்படாதேன்னுதான். டெஸ்ட் பண்ணாம எதை நான் வெளியில விட்டிருக்கேன், சொல்லுங்கோ?"

"ஒரு வாய்தானா? ரெண்டு விரலு கொறையுதே?"

"மூணு வாய். முதல் ரெண்டும் இருமல்லயே போயிடுத்து."

ஜெயராஜுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். சிரிக்கவைத்து ஏமாற்றுகிறவர்களும் உண்டுதான். ஆனால் இருபது வருஷத்தில் இந்த மனுஷர் லேப் ரிசல்ட்டில் ஒரு புள்ளிகூட மாற்றிச் சொன்னதில்லை. மேனேஜர் தலைகீழாக நின்ற அன்றும் சொல்லவில்லை.

"ஜெயராஜ், நான் பொய் சொல்ல வரலை." பராசரன் ஏரியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஆத்துக்காரி ஒத்துக்கவே மாட்டேங்கறா. எனக்கும் மனசு முழுசா வரலை. ஆனா உங்களை ஒருதரம் எதிர்ல உக்காத்தி வெச்சுப் பேசாம, வேண்டாம்னு சொல்லவும் வாய் வரலை."

"அதுக்கு என்னிய டெஸ்ட் பண்ண வந்துகிறீங்களா?"

"உங்களை இல்லை. என்னைத்தான் பண்ணிண்டிருக்கேன்."

ஜெயராஜுக்கு வந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் பொண்ணு என்ன உங்களுக்குச் சாம்பிளா என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் கரையின் அந்தக் கோடியில் புழுதி எழும்பியது. ஒரு மோட்டார் சைக்கிள். ஜெயராஜ் பதறிப்போய், வர வேண்டாம் என்று சொல்ல, போனை எடுத்து சாம்சனை அழைத்தார். மணி அடித்தது, எடுப்பாரில்லை.

"யாரது? உங்க மனுஷாளா?"

"என் மச்சான் சார். ஏஞ்சலுக்குத் தாய்மாமன்."

"நீங்க வரச் சொன்னேளா?"

ஜெயராஜ் தலையாட்டினார்.

"எப்போ?"

"சீலைப் பாத்தேனே, அதுக்கப்பறம்."

பராசரன் பாட்டிலைப் பார்த்தார், உடைந்த மெழுகைப் பார்த்தார். தான் எதற்காகச் சந்தேகிக்கப்பட்டோம் என்பது முழுவதும் புரிந்தபோது அவர் முகம் சின்னப் பிள்ளையுடையதுபோல வாடிவிட்டது. அதைப் பார்க்க ஜெயராஜுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பராசரன் தன் தம்ளரில் மிச்சமிருந்ததை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே தம்ளரில் புதிதாக ஊற்றி ஐஸ் போட்டார். எழுந்து நின்றார்.

"தாய்மாமன் இல்லாம கல்யாணப் பேச்சு ஏது? தம்ளர் ரெண்டுதான் கொண்டுவந்தேன். இது எச்சில் படாத தம்ளர். தாராளமாக் குடுக்கலாம்."

சாம்சன் வண்டியை நிறுத்தி இறங்கினான். வண்டியின் பக்கவாட்டில் ஒரு இரும்புக் குழாய் சாக்கில் சுற்றிச் செருகியிருந்தது. அவன் கை அதன் மேல்தான் இருந்தது. எதிரே வேட்டி கட்டிய, நெற்றியில் நாமம் வைத்த ஒரு மனுஷர் தம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறார். தம்ளருக்குள் ஐஸ் கடகடவென்று அடித்துக்கொண்டது. சாம்சன் தம்ளரை வாங்கவில்லை. அவரைத் தாண்டி ஜெயராஜைப் பார்த்தான்.

"மாமா, நீ குடிச்சியா?"

ஜெயராஜ் தன் தம்ளரைக் குனிந்து பார்த்தார். ஐஸ் பாதி கரைந்திருந்தது. கன்னியம்மா சொன்னது காதில் கேட்டது. ஏஞ்சலின் முகமும் வந்து போனது. எடுத்து உதட்டில் வைத்து, நன்றாகவே அழுத்தி வைத்து, ஒரு மடக்கு குடித்தார். முதலில் இனிப்பு, பின்னால் காரம், அதற்கும் பின்னால் எரிந்து அணைந்த விறகின் மணம். இரும்பு அச்சில் இறங்குகிற மாதிரி அது நிதானமாக இறங்கி நெஞ்சில் போய் நின்றது. புழுக்கத்திலும் வேப்பமரத்துக் காற்று எங்கிருந்தோ வந்து வேர்வையில் பட்டது. இப்படி ஒரு ருசியை அவர் இதுவரை அறிந்ததில்லை.

"நல்லா கீதுடா. வாங்கிக்க" என்றார்.

சாம்சன் அரை மனதோடு குழாயிலிருந்து கையை எடுத்துத் தம்ளரை வாங்கினான். குடிக்கவில்லை, முகர்ந்துகொண்டு நின்றான். பராசரனின் கைகள் காலியாகிவிட்டன. வைக்க இடம் தெரியாமல் அவர் அவற்றை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டார்.

ஜெயராஜ் எழுந்தார். "உங்களுக்குத் தம்ளர் இல்லியே சார்" என்று சொல்லி, தன்னுடையதை நீட்டினார்.

பராசரன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அவர் விரல்கள் ஜெயராஜின் விரல்கள் மேல் பட்டன. தம்ளரின் விளிம்பில் உதடு வைத்த இடம் ஈரமாக இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாம்சனும் பார்த்தான். தம்ளர் மெதுவாக மேலே போயிற்று. பராசரனின் வாய் திறந்தது. விளிம்புக்கும் உதட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில், தூரத்து ஏரித் தண்ணீர் வெயிலில் மின்னுவது ஜெயராஜுக்குத் தெரிந்தது.