விரலோடு போன வியாழன்

வாத்தியார் என்றதும் கரும்பலகை, சாக்பீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு வேலை சலவைக்கூடத்தில். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மலைமலையாய் வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளை இயந்திரத்துக்குள் திணிக்க வேண்டும். துவைத்து முடிந்ததும் கல்லாய்க் கனக்கும் ஈரத்துணியை உருவித் தள்ளுவண்டியில் போட வேண்டும். தலை நரைக்கத் தொடங்கிய வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டு, இடைவேளையில் சோப்புத்தூள் மூட்டையில் அச்சடித்திருப்பதைக்கூட விடாமல் உரக்கப் படித்ததால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அது. முதலில் அப்படிக் கூப்பிட்டவன் ஸ்பீக்கர். அவனுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது, அவன் வாயைத் திறந்த மறுநொடி யாருக்கும் விளங்கிவிடும்.

கேலிப்பெயர்தான். ஆனாலும் வாத்தியாருக்கு அது உள்ளூர இனித்தது.

எழுத்துச் சொல்லிக்கொடுத்தது மனைவி. சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எதிரில் வந்து உட்காருவாள். மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட், பழைய செய்தித்தாள் எதுவானாலும் அன்றைக்கு அதுதான் பாடப்புத்தகம். "விரலை எழுத்துக்கு அடியில வைங்க. விரல் போற வழியில கண்ணு போகட்டும். நடுவுல விரலை எடுத்தீங்கன்னா வரி காணாமப் போயிடும்" என்பாள். அவரும் எடுக்கவில்லை. தெருவில் நடக்கும்போதுகூடக் கடைப்பலகையைப் பார்த்து விரலை நீட்டி, காற்றிலேயே கோடு போட்டபடி படிப்பார். "கையை இறக்குங்க, பாக்குறவங்க என்ன நினைப்பாங்க!" என்று அவள் முழங்கையைப் பிடித்து இழுப்பாள்.

எழுத்து தெரியாத காலத்தில், நாளைக்கு எந்த ஷிப்ட் என்று ஸ்பீக்கரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அவன் நல்லவன், ஆனால் விளையாட்டுப் புத்தி. "உனக்கு நாளைக்கு லீவுய்யா" என்று முகம் மாறாமல் சொல்வான். அப்புறம் கூடமே அதிரச் சிரிப்பான். இப்போது அந்தத் தொல்லை இல்லை. வாசலில், அட்டை காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு தொடுதிரை இருந்தது. அட்டையைக் காட்டினால் அவரவர் வாரம் தமிழிலேயே வந்து நிற்கும். திங்கள், செவ்வாய் என்று தன் வாரத்தைத் தானே படித்துத் தெரிந்துகொண்ட முதல் நாள், வாத்தியார் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை மூன்று முறை ஒப்பித்தார். அவளும் மூன்று முறையும் புதிதாய்க் கேட்பதுபோலக் கேட்டாள்.

பிறகு திரையில் வரும் அந்தப் பக்கத்தைப் புதுப்பித்தார்கள். வெறும் எழுத்தாய் இருந்தது வண்ணமாய் மாறியது. மேலே கிழமைகளின் பெயர்கள், வேலை உள்ள ஒவ்வொரு நாளின் பெயருக்கும் கீழே ஷிப்டைக் காட்டும் ஒரு நீலப் பெட்டி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாத்தியாருக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் அவர் கண் எழுத்தில்தான் இருக்கும், பெட்டியில் நிற்காது.

தொல்லை ஒரு வியாழக்கிழமை தொடங்கியது. விடிந்தும் விடியாமல் வந்து அட்டையைக் காட்டினால் சிவப்பு விளக்கு. கதவு திறக்கவில்லை.

"இன்னிக்கு உங்களுக்கு வேலை இல்லையே வாத்தியாரே. சனிக்கிழமைக்கு நீங்களே மாத்தியிருக்கீங்க" என்றார் சூப்பர்வைசர்.

"நான் எதையும் மாத்தலயே சார்."

"உங்க அட்டைதான், உங்க கைதான். பேய் வந்தா மாத்தும்?"

வந்த வழியே வீடு திரும்பினார். அடுத்த வாரமும் அதே கதை. மாதத்தில் மூன்று முறைக்கு மேல் ஷிப்டை இடம் மாற்றுகிறவரை நிலையான ஆட்களின் வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பது அங்கே விதி. எடுத்து, கூப்பிட்டால் மட்டும் வேலைக்கு வருகிறவர்களோடு சேர்த்துவிடுவார்கள். கூப்பிட்டால் வருகிறவர்களின் பிழைப்பு எல்லாருக்கும் தெரிந்ததுதான். போனைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமல், குளிக்கப் போனாலும் காதை வெளியே வைத்துவிட்டுப் போகிற பிழைப்பு.

மூன்றாவது வியாழனும் சனிக்குப் போனபோது சூப்பர்வைசர் தனியே கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆள் குறைந்தால் மேலே பதில் சொல்ல வேண்டியவர். "உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது, பாத்துக்கோங்க."

வாத்தியார் பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். அதிலிருந்து இன்னும் கவனமாக, இன்னும் மெதுவாக, விரலை இன்னும் அழுத்திப் படித்தார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "நிஜமாவே நீங்க மாத்தலயா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"மாத்தணும்னா எனக்கு மாத்தத் தெரியணுமே! நான் படிக்கிறதோட சரி."

"ஒருவேளை நீங்க படிக்கும்போது…" என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். தப்பாகப் படிக்கிறீர்களோ என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். அவள் கேட்காததை அவர் தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். பாதி வயதுக்கு மேல் நுழைந்த எழுத்து மண்டைக்குள் ஒழுங்காக உட்காரவில்லையோ? பேசாமல் பழையபடி ஸ்பீக்கரிடமே கேட்டுக்கொண்டால் என்ன? அன்றைக்கு மாத்திரை அட்டையும் வேண்டாம், செய்தித்தாளும் வேண்டாம் என்று சீக்கிரமே படுத்துவிட்டார்.

நான்காவது வியாழனும் போயிற்று. சூப்பர்வைசர் திட்டவில்லை. அதுதான் வாத்தியாருக்குப் பயமாக இருந்தது. "மாசக் கடைசியில மேலே கணக்கு அனுப்பணும்" என்று மட்டும் சொன்னார்.

மாதக் கடைசிக்குள் ஒரு பெண் வந்தாள். பக்கம் எல்லாருக்கும் ஒத்துவருகிறதா என்று பார்க்க, அதைச் செய்துகொடுத்த கம்பெனி அனுப்பியிருந்தது. முப்பது வயது இருக்கும். வலது கை நில்லாமல் நடுங்கிக்கொண்டே இருந்தது, பிறவியிலேயே அப்படியாம். தோளில் மாட்டிய பையை இறக்கிவைப்பதற்குள் அது இரண்டு முறை நழுவியது. எடுத்துக் கொடுக்க ஸ்பீக்கர் பாய்ந்தான். "இருக்கட்டும்ணே, இதுவும் நானும் பழகிக்கிட்டோம்" என்று சிரித்தாள்.

வாசல் தொடுதிரைக்கு முன்னால் சூப்பர்வைசரோடு அவள் பேசியது பக்கத்தில் தேநீருக்கு நின்ற எல்லார் காதிலும் விழுந்தது.

"சார், இந்தப் பக்கத்துல பெட்டியை இழுத்துத்தான் நாளை மாத்த முடியுது. இழுத்துச் செய்யுற எதையும் சும்மா தொட்டும் செய்ய முடியணும்னு இப்ப புது நெறிமுறை வந்திருக்கு. என் கையால இழுத்தா பெட்டி எந்த ஊருக்குப் போகும்னு எனக்கே தெரியாது."

"நியாயம்தாம்மா. ஆனா இங்க இருக்கிறவங்க எல்லாம் ஈரமூட்டை தூக்குற ஆளுங்க. குறைன்னு சொல்ல ஒருத்தர் கிடையாது. இவங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" சுற்றிப் பார்த்த சூப்பர்வைசரின் கண்ணில் வாத்தியார் பட்டார். "இதோ, இவரையே எடுத்துக்குங்க. எழுத்துக் கத்துக்கிட்டதே நேத்துதான். நாலு தடவை இழுத்து மாத்தியிருக்கார். எச்சரிக்கைகூட வாங்கியாச்சு. அவ்வளவு சுலபம்! வாங்க வாத்தியாரே, இவங்களுக்கு இழுத்துக் காட்டுங்க."

"போய்யா, உன் வித்தையைக் காட்டு!" என்றான் ஸ்பீக்கர்.

வாத்தியாருக்கு உடம்பு கூசிற்று. "எனக்கு இழுக்கத் தெரியாது சார். எத்தனை தடவை சொல்றது?"

சூப்பர்வைசர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அந்தப் பெண் முந்திக்கொண்டாள். "இழுக்க வேணாம்ணே. தினமும் என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்க, போதும்."

"தினமும் படிப்பேன்."

"அப்ப படிங்க."

அட்டையைக் காட்டினார். வாரம் வந்து நின்றது. பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் விரலை வேட்டிமடிப்பில் துடைத்துக்கொண்டு, திங்களுக்கு அடியில் வைத்தார். "தி… ங்… கள். திங்கள். செவ்… வாய்." விரல் திரையை விட்டு எழும்பாமல் ஊர்ந்தது. புதனைத் தாண்டி வியாழனுக்கு வந்ததும், வழக்கம்போல ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு புதிதாய் அழுத்தி வைத்து, எழுத்துக் கூட்டி, முழுதாகச் சொல்லிவிட்டு அடுத்த நாளுக்கு நகர்ந்தார். வெள்ளி. சனி. வரி முடிந்தது. விரலை எடுத்துவிட்டு, சரியாகப் படித்தேனா என்பதுபோல அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால், வியாழனின் நீலப் பெட்டி நழுவிப் போய்ச் சனியின் கீழ் உட்கார்ந்தது.

தேநீரோடு நின்றவர்கள் திரையை நெருங்கி வந்தார்கள்.

"அண்ணே, திரும்பிப் பாருங்க" என்றாள் அவள்.

பார்த்தார். பார்த்தும் புரியவில்லை. அவள் பக்கத்தில் வந்து நிதானமாகச் சொன்னாள். எழுத்துக்கு அடியில் விரல் வைக்கிறீர்கள். எழுத்துக்கு அடியில்தான் நாங்கள் பெட்டியை வைத்திருக்கிறோம். ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று அழுத்தினால், பெட்டியைத் தூக்கச் சொல்கிறீர்கள் என்று பக்கம் நினைத்துக்கொள்கிறது. அப்புறம் நீங்கள் படித்துக்கொண்டே போகிறீர்கள், அதுவும் கூடவே வருகிறது. இழுக்கும்போது மெல்லிய நிழல் மட்டும் தெரிகிற மாதிரி அழகாகச் செய்திருக்கிறார்கள். அந்த நிழலும் உங்கள் கைக்கு அடியில் மறைந்துபோகிறது.

"அப்ப நான்தானா மாத்தினேன்?" என்று கேட்டார் வாத்தியார்.

"நீங்க படிச்சீங்க. மாத்தினது எங்க பக்கம். ஒருத்தர் விரல் வெச்சுப் படிப்பார்னு அதைச் செஞ்சவங்க யாருக்கும் தோணல. எனக்கும் தோணல அண்ணே. என் கைக்காகத்தான் நான் சண்டை போட வந்தேன்."

சூப்பர்வைசர் திரையைப் பார்த்தார். கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "நாலு தடவை வாசல்லயே திருப்பி அனுப்பினேனே உங்களை" என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "இந்த நாலும் கணக்குல வராது. மேலே நானே பேசிக்கிறேன்" என்றார்.

"அதான் எனக்கு அப்பவே தெரியுமே! வாத்தியார் கையில பேய் இருக்குன்னு" என்று ஸ்பீக்கர் முழங்க, அடைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரேயடியாக உடைந்தது. வாத்தியாரும் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. திரும்பிக்கொண்டு, ஆவி கண்ணில் பட்டதாகத் தேநீர்க் குவளையின் மேல் பழியைப் போட்டார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, விரலை எடுக்காதீங்கன்னு சொன்னது நான்தானே! உங்க பிழைப்புல மண்ணைப் போடப் பாத்திருக்கேனே!"

"போடி பைத்தியம். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒழுங்காப் படிச்சேன்னு பத்துப் பேர் முன்னாடி சொல்லியாச்சு. எனக்கு மண்டை குழம்பிப்போச்சுன்னுல்ல நினைச்சிருந்தேன்." அன்றைக்கு அவரே செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, அவள் கொட்டாவி விடும்வரை விடவில்லை.

சில வாரம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள். திரையில் புதிய பக்கம் ஏறியிருந்தது. எழுத்து பெரிதாகியிருந்தது, பெட்டிகளுக்கு நடுவில் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள்.

"அண்ணே, இதைக் கெடுத்துப் பாருங்க" என்றாள்.

"கெடுக்கவா?"

"ஆமா. கெடுக்க முடியலேன்னாதான் எனக்குச் சம்பளம்."

வாத்தியார் விரலை வைத்துப் படித்தார். வியாழனில் வேண்டுமென்றே நின்று அழுத்தினார். எதுவும் அசையவில்லை. ஸ்பீக்கர் உள்ளங்கையை விரித்து, எச்சில் மேசையைத் துடைப்பதுபோலத் திரை முழுவதும் தேய்த்தான். நாள்கள் அதனதன் இடத்தில் அப்படியே இருந்தன. பிறகு அந்தப் பெண் தன் நடுங்கும் விரலால் ஒரு பெட்டியைத் தொட்டாள். விரல் எங்கெங்கோ அலைந்துதான் போய்ப் பட்டது, ஆனாலும் போதுமாயிருந்தது. எந்த நாளுக்கு மாற்ற வேண்டும் என்று பக்கம் கேட்டது. ஒரு நாளைத் தொட்டாள். 'மாற்றலாமா?' என்று கேட்டுவிட்டு, 'ஆம்', 'வேண்டாம்' என்ற இரண்டு பெரிய பொத்தான்களைத் தள்ளித்தள்ளி வைத்தது. 'வேண்டாம்' என்பதைத் தொட்டாள்.

"இனிமே உங்களைக் கேக்காம எதுவும் நகராது" என்றாள்.

வாத்தியார் கைகூப்பினார். நன்றி என்ற சொல்லைப் படித்திருக்கிறார். வாயால் சொல்லிப் பழக்கமில்லை. "நீங்க நல்லா இருக்கணும்மா. எங்கேயோ உக்காந்துகிட்டு எனக்கு வழி பண்ணியிருக்கீங்க" என்றார்.

"எனக்குந்தான் வழி பண்ணிக்கிட்டேன். என் கையை மட்டும் காட்டிக் கேட்டப்ப, உனக்கு ஒருத்திக்காகவான்னு கம்பெனியில கேட்டாங்க. நீங்க படிச்சதைப் போய்ச் சொன்னேன். அப்புறம் யாரும் கேக்கல."

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்று ஈரமூட்டை தூக்கிக் காய்த்த கை, இன்னொன்று நிற்கத் தெரியாத கை. எதற்கோ சிரித்துக்கொண்டார்கள்.

"கடைசியா ஒண்ணு. நிஜமாவே ஒரு நாளை மாத்திப் பாருங்க. எதையாவது மாத்தணும்னு ஆசை இருந்தா."

வாத்தியார் யோசித்தார். ஆசை இருந்தது. மனைவி வேலை செய்யும் தையல்கூடத்துக்கு வியாழன்தான் விடுமுறை. இத்தனை வருடத்தில் இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு வாய்த்ததே இல்லை. திருப்பி அனுப்பப்பட்ட வியாழன்களில்கூட, நொந்துபோய் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டதோடு சரி.

வியாழனைத் தொட்டார். எந்த நாளுக்கு என்று கேட்டது. சனியைத் தொட்டார். 'மாற்றலாமா?' என்பதை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்து, 'ஆம்' என்பதை அழுத்தினார். பெட்டி போய்ச் சனியில் உட்கார்ந்ததை இந்த முறை கண்ணாரப் பார்த்தார்.

பின்னால் நின்ற சூப்பர்வைசர், "என்ன வாத்தியாரே, அஞ்சாவது தடவையா?" என்று கேட்டார்.

"இல்ல சார். இதுதான் முதல் தடவை."

அந்த வியாழக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் வெயில் ஏறும்வரை தூங்கினார்கள். பிறகு சும்மா கடைத்தெருவில் நடந்தார்கள். எதுவும் வாங்கவில்லை. ஒவ்வொரு கடைப்பலகையையும் அவர் விரல் நீட்டிப் படித்துக்கொண்டே வர, அவள் கையை இழுக்காமல் கூடவே நடந்தாள்.